ஸ்பீக்கருக்கு இடம் பார்ப்பது எப்படி?

வாசகர் கேள்வி - பதில்

தருமபுரி வாசகர்: எங்கள் ஹால் 10-க்கு 10. தளமும் 10 அடி உயரம். டிவி ஷோகேஸில் இரண்டு ஓரத் தட்டுகளிலும் ஸ்பீக்கர், எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. எந்தப் பாட்டைப் போட்டாலும் பாஸ் (தாழ்ந்த ஒலி) ஒரே 'கொம்' என்று வருகிறது. எழுந்து ஹால் நடுவில் நின்றால் அந்த பாஸையே காணோம். ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றினாலும் புது ஸ்பீக்கர் இதே 'கொம்'மைத்தான் போடும். கோளாறு ஹாலின் அளவில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்து, அதைக் கொண்டு 1,130-ஐ வகுத்தால், அந்த அறை தானும் சேர்ந்து முழங்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் சொச்சம். உங்கள் ஹாலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 என்பதால் மூன்று பக்கமும் அதே 56-ல் வந்து குவிகிறது. 14-க்கு 10 ஹாலாக இருந்தால் ஒன்று 40-லும் இன்னொன்று 56-லும் பிரிந்து போயிருக்கும். இந்த முழக்கம் சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நடு அறையில் அநேகமாக இல்லாமலே போகும். சோபாவில் கொம், நடுவில் நின்றால் ஒன்றுமில்லை என்று நீங்கள் கண்டது இதைத்தான்.

இன்ச் டேப்பை எடுங்கள். அளவெல்லாம் ட்வீட்டரின், அதாவது கீச்சு ஒலி தரும் சின்ன வட்டத்தின், நடுவிலிருந்து. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 24 இன்ச் முன்னால் வரட்டும். பக்கச் சுவரிலிருந்து 32 இன்ச் உள்ளே. அப்போது இரண்டு ட்வீட்டருக்கும் நடுவே 56 இன்ச் கிடைக்கும். கேட்பவர் தலையிலிருந்து ஒவ்வொரு ட்வீட்டருக்கும் அதே 56 இன்ச் வர வேண்டும், அதாவது சமபக்க முக்கோணம். அதற்கு ஸ்பீக்கர் வரிசையிலிருந்து நேராக 48 இன்ச் தள்ளி உட்கார வேண்டும். கணக்குப் போட்டால் தலைக்குப் பின்னால் சுவர்வரை 4 அடி மிச்சம் இருக்கும். பாஸ் உச்சத்துக்கும் போகாத, காணாமலும் போகாத இடம் இது.

24, 32 என்று வேறு வேறாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகும். பின்சுவரில் பட்டுத் திரும்பும்போது அது 4 அடி கூடுதலாக நடந்திருக்கும். 141 ஹெர்ட்ஸ் அருகே அந்த 4 அடி சரியாக அரை அலை. நேர் ஒலி தள்ளும்போது திரும்பிய ஒலி இழுக்கும், அங்கே ஒரு பள்ளம் விழும். பின்சுவர், பக்கச் சுவர், தரை மூன்றும் ஒரே தூரத்தில் இருந்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் சேர்ந்து ஆழமாகிவிடும். தவிலின் அடித்தொண்டை போன உணர்வு வந்தால் ஸ்பீக்கரை மூன்று இன்ச் முன்பின் நகர்த்திக் கேளுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான்.

வீட்டில் ஆட்கள் நடமாட வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயம். கேட்கும் நேரத்துக்கு மட்டும் வெளியே இழுக்கலாம், தரையில் சிறு டேப் துண்டு ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ஷோகேஸை விட்டு வரவே முடியாது என்றால், பெட்டியின் முகத்தைத் தட்டின் முன்விளிம்போடு சமமாக இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் தட்டே ஒரு குழாய்போல ஊதும். பெட்டியின் பின்னால் ஓட்டை இருந்தால் அதற்கும் சுவருக்கும் நடுவே 6 இன்ச்சாவது விடுங்கள், இடமில்லையென்றால் ஒரு ஜோடி காட்டன் சாக்ஸைச் சுருட்டி அந்த ஓட்டையில் செருகுங்கள். பாஸ் கொஞ்சம் குறையும், ஆனால் ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கும்.

ஓசூர் வாசகர்: அபார்ட்மென்ட் ஹால். இடப்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், வலப்பக்கம் டைனிங்கோடு திறந்தே இருக்கிறது. பாடுபவர் எப்போதும் இடப்பக்கமே நிற்கிறார். 'ச', 'ஷ' காதைக் கீறுகிறது.

பதில்: முதலில் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். 1950-களின் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை மோனோதான். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி என்பதால் குரல் நட்டநடுவில், வெறும் காற்றில் நிற்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால், ஜன்னல் கண்ணாடி இடது ஸ்பீக்கரின் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது, வலப்பக்கம் திருப்ப ஆளில்லை.

கண்ணாடி எங்கே திருப்புகிறது என்று கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடியே கருவி. நீங்கள் சோபாவில் உட்காருங்கள். இன்னொருவர் அதை ஜன்னல்மேல் ட்வீட்டர் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்தட்டும். உங்களுக்கு எங்கே இடது ட்வீட்டர் தெரிகிறதோ, அதுதான் இடம். அந்த இடத்தை நடுவாக வைத்து 3 அடி அகலத்துக்கு, மடிப்பு நிறைய வரும்படி கனத்த திரை போடுங்கள். மெல்லிய நெட் துணி அழகுக்குத்தான். இதே சோதனையைத் தரையிலும் செய்யலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் தரை பெரும்பாலும் கிரானைட் அல்லது டைல்ஸ், இரண்டும் ஒலியைக் குடிக்காது. ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள்.

கீறலுக்கு இன்னொரு மருந்து, ஸ்பீக்கரின் திருப்பம். நேராகக் காதைக் குறிவைக்காமல், இரண்டு முகமும் உங்கள் தலைக்கு ஓரடி பின்னால் சந்திக்கும்படி வெளிப்பக்கம் திருப்புங்கள். எல்லாம் முடிந்த பிறகும் சாய்வு மிச்சமிருந்தால் பேலன்ஸை ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளலாம். முதலிலேயே பேலன்ஸில் கை வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கிருஷ்ணகிரி வாசகர்: ஸ்டாண்ட் விலை அதிகமாக இருக்கிறது. மாற்று உண்டா?

பதில்: உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா! பாலிஷ் பட்டறையில் வெட்டு மிச்சமாகக் கிடக்கும் கிரானைட் துண்டும், ஹாலோ பிளாக்கும் போதும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் 36 இன்ச். ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வர வேண்டும். 16-க்கு 8-க்கு 8 இன்ச் பிளாக்கை, ஓட்டை மேல்நோக்கி இருக்கும்படி மூன்று அடுக்கினால் 24 இன்ச். அடியில் ஒன்று, மேலே ஒன்றாக முக்கால் இன்ச் கிரானைட், மொத்தம் இருபத்தைந்தரை. 12 இன்ச் பெட்டியில் ட்வீட்டர் அடியிலிருந்து 9 இன்ச்சில் இருந்தால் முப்பத்துநாலரை வந்துவிடும். மிச்சத்துக்குப் பெட்டியின் முன்பக்கம் மெல்லிய ரப்பர் வாஷர் வைத்து முகத்தைச் சற்றே மேலே சாயுங்கள். பாயில் உட்கார்ந்து கேட்கும் வீடாக இருந்தால் இரண்டு பிளாக்கே போதும்.

குறுகிய 8 இன்ச் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். பிளாக்குகளை டைல்ஸ் பசை வைத்து ஒட்டுங்கள், சும்மா அடுக்கினால் குழந்தை இழுத்தால் விழும். ஓட்டைகளில் காய்ந்த எம்-சாண்ட் நிரப்புங்கள். ஈர மணல் போட்டால் பிளாக் வழியே கசிந்து தரையில் கறை படியும். கிரானைட்மேல் பெட்டியை அப்படியே வைத்தால் கிடுகிடுக்கும், நாலு மூலையிலும் பழைய சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள். நிரப்பிய பிறகு தனியாள் அசைக்க முடியாது. ஆகவே முதலில் மாம்பழ கிரேட் இரண்டைக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் ஸ்பீக்கரை வைத்து இடத்தை முடிவு செய்துவிட்டு ஒட்டுங்கள்.

அரூர் வாசகர்: நாட்டு ஓட்டு வீடு. நல்ல ஒலி கிடைக்குமா?

பதில்: கான்கிரீட் பெட்டியைவிட உங்கள் வீடு மேல். கூரை சரிவாக இருப்பதால் தரையும் கூரையும் நேருக்கு நேர் நிற்பதில்லை, பாஸும் ஓட்டிடுக்கில் தப்பிப் போகும். பாஸ் மெலிவாகத் தெரிந்தால் ஸ்பீக்கரைச் சுவருக்கு 8, 10 இன்ச்வரை நெருக்குங்கள்.

பென்னாகரம் வாசகர்: வெள்ளையடித்த பிறகு ஒயரை மாற்றி மாட்டினேன். அன்றிலிருந்து பாஸ் இல்லை, குரலும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

பதில்: ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது, பாஸ் காற்றிலேயே அடித்துக்கொண்டு போகிறது. ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, ஒயரை அதிலிருந்து கழற்றுங்கள். ஒயர் முனையில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். ஊஃபர் (பாஸ் தரும் பெரிய வட்டம்) வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் பட்ட ஒயர்தான் சிவப்புக்குப் போக வேண்டியது. உள்ளே இழுத்தால் மற்றது. இரண்டு பக்கமும் பாருங்கள். உள்ளேயே ஆம்ப் உள்ள பெட்டிகளில் இதைச் செய்யக் கூடாது. கையோடு ஒயரையும் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர்வரை ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) செம்பு ஒயர் தாராளம், 4 ஓம் என்றால் இரண்டரை.

காவேரிப்பட்டணம் வாசகர்: சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: கூடாது. மெல்லிய காகிதம் பாஸை ஒன்றும் செய்யாது, கரப்பானுக்கு வீடாகும், தீப்பிடித்தால் ஓடக்கூட நேரமிருக்காது. செலவு செய்வதாக இருந்தால் 2 இன்ச் ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகையை மரச்சட்டத்தில் போட்டு, காற்று புகும் துணியால் நன்றாக மூடி, கண்ணாடிச் சோதனையில் தெரிந்த இடங்களில் மட்டும் மாட்டுங்கள். வெட்டும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், அதன் தூள் தோலில் பட்டால் அரிக்கும்.