வெள்ளக்காரிக்கு ஆஸ்திரேலியாவுல என்ன கஷ்டம்? (வாசகர் கடிதம்)

அக்கா, வணக்கம்.

பெர்த்துல உங்க பக்கத்து வீட்டு இங்கிலீஷ்காரம்மா பத்தி எழுதியிருந்தீங்கல்ல, ஊர்லேர்ந்து அவங்கம்மா அனுப்புன கிறிஸ்மஸ் பார்சல பிரிச்சு மடியில வெச்சுக்கிட்டு அழுதாங்கன்னு. படிச்சிட்டு எனக்கு பாவமா இல்ல, கடுப்பாத்தான் இருந்துச்சு. அதே பாஷை, அதே ராஜா, அதே தோலு. நம்மாளுங்க பிடிஇங்கற இங்கிலீஷ் பரீட்சை எழுதி, விசாவுக்கு பாயிண்ட் எண்ணி, படிச்ச படிப்புக்கு மதிப்பில்லாம டாக்ஸி ஓட்டுனா யாரும் கண்டுக்கறதில்ல. இவங்களுக்கு என்ன குறை? அதுலயும் திரும்பிப் போகவும் முடியலன்னு அவங்க சொன்னதா எழுதியிருக்கீங்க. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு ஏன் முடியாது? ஃப்ளைட் ஏறுனா பதினேழு மணி நேரத்துல லண்டன்.

இன்னொண்ணு, என் தங்கச்சி குடும்பம் 2026 கடைசியில பெர்த் வர்றாங்க. பையன் 2021 ஆகஸ்ட்ல பொறந்தவன். எந்த கிளாஸ்ல சேப்பாங்க?

ஈரோட்டுலேர்ந்து ஒரு வாசகன்

*

தம்பி, வணக்கம்.

உங்க கடுப்புல பாதி நியாயம் இருக்கு. ஸ்கில்டு விசாவுக்கு நீங்களும் நானும் இங்கிலீஷ் தெரியும்னு காசு கட்டி பரீட்சை எழுதணும், அடிப்படைத் தகுதிக்கு அவங்க பாஸ்போர்ட்ட காட்டுனா போதும். வாடகை வீட்டுக்கு அப்ளை பண்ணா அவங்க பேர பாத்துட்டு யாரும் யோசிக்க மாட்டாங்க. ஆளுங்களும் கொஞ்சநஞ்சம் இல்ல, 2021 சென்சஸ்ல வெளிநாட்டுல பொறந்தவங்க கணக்கு எடுத்தா இங்கிலாந்துல பொறந்தவங்கதான் மொத எடம், 9 லட்சத்து 27 ஆயிரம் பேர், அதுக்கப்புறம்தான் நம்ம இந்தியா, 6 லட்சத்து 73 ஆயிரம். பெர்த்துக்கு வடக்க கடலோரமா ஜூண்டலப், மிண்டாரி, பட்லர்னு போனீங்கன்னா எங்க பாத்தாலும் மான்செஸ்டர் பேச்சு லிவர்பூல் பேச்சுதான். (இது வெள்ளக்கார நாடுன்னு சொல்றதே தப்பு, பெர்த் பூர்வகுடி நூங்கார் மக்களோட மண்ணு, ஆனா அத இப்ப இழுத்தா உங்க கேள்விக்கு பதில் வராது.)

ஆனா ஏன் திரும்பிப் போக முடியாதுன்னு கேட்டீங்களே, அதுலதான் விஷயமே இருக்கு. புருஷன் பொண்டாட்டியா வந்தவரைக்கும் ஊரு பிடிக்கலேன்னா வீட்ட காலி பண்ணிட்டு கிளம்பிடலாம். ஒரு பிள்ளை பொறந்து அது இங்க பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதுக்கப்புறம் அம்மாவால அப்படி கிளம்ப முடியாது, பாஸ்போர்ட் எந்த கலரா இருந்தாலும் சரி.

இது புதுசும் இல்ல. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 1947லேர்ந்து பத்து பவுண்டு திட்டம்னு ஒண்ணு ஓடுச்சு, பெரியவங்களுக்கு பத்து பவுண்டு டிக்கெட், பிள்ளைங்களுக்கு ஓசி, பத்து லட்சம் பேருக்கு மேல பிரிட்டன்லேர்ந்து இப்படி வந்து இறங்குனாங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கப்பல்ல எடமே கிடையாது, அது வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கை நடந்த காலம். பின்னாடி பிரதமரான ஜூலியா கில்லர்ட் குடும்பம்கூட அப்படித்தான் 1966ல வேல்ஸ்லேர்ந்து அடிலெய்டு வந்துச்சு, பாப்பாவுக்கு நெஞ்சு சளி, சூடான ஊருக்கு கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொன்னாராம், பிள்ளைக்காக ஊரையே மாத்துன கதை. அந்த திட்டத்துல ஒரு நிபந்தனை இருந்துச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பிப் போனா டிக்கெட் காச கட்டணும். அந்த ரெண்டு வருஷமும் பல குடும்பம் ஹாஸ்டல்லதான், அரைவட்டமா வளைச்ச தகரக் கொட்டகை, வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும், புருஷன் காலையில வேலைக்குப் போயிடுவான், அங்க அவனுக்கு நாலு கூட்டாளி, இவ கைக்குழந்தையோட அந்தக் கொட்டகைக்குள்ள, அம்மாவுக்கு கடுதாசி போட்டு பதில் வர்றதுக்குள்ள பிள்ளைக்கு வந்த காய்ச்சல் போய் அடுத்த காய்ச்சலும் வந்துடும். வாயத் திறந்து சொன்னா புலம்பற 'பாம்'னு பட்டம் (பாம்னா இங்கிலீஷ்காரங்கள இங்க கிண்டலா சொல்ற பேரு). கடைசியில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு பேரு திரும்பிப் போனாங்க, போனவங்கள்ல நெறைய பேரு அங்கயும் ஒட்டாம மறுபடி இங்கயே வந்தாங்க. அவங்களுக்கு அபராதம் பணம்தான், கட்டிட்டா விட்டுடுவாங்க. இப்ப இருக்கறது வேற மாதிரி.

1980ல போட்ட ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, குழந்தைய ஒரு பெற்றோர் இன்னொருத்தர் சம்மதம் இல்லாம வேற நாட்டுக்கு கூட்டிட்டுப் போறத தடுக்கறதுக்கு. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ரெண்டுமே அதுல இருக்கு. 16 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை வழக்கமா எந்த நாட்டுல வாழுதோ அந்த நாட்டு கோர்ட்தான் அது எங்க இருக்கணும்னு முடிவு பண்ணும். பிள்ளையோட குடியுரிமை என்ன, அம்மா எந்த ஊருங்கறது அங்க பேச்சே இல்ல. அதாவது அம்மா இங்கிலீஷ்காரி, அப்பா இங்கிலீஷ்காரன், பிள்ளையும் இங்கிலீஷ் பிள்ளை, ஆனா நாலஞ்சு வருஷமா பெர்த்துல இருக்குது, இப்ப ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னு வைங்க, அப்பா சம்மதம் இல்லாம அம்மா பிள்ளைய தூக்கிட்டு இங்கிலாந்துல லீட்ஸுக்கு அம்மா வீட்டுக்குப் போனா அது கடத்தல் கணக்கு, பெரும்பாலும் இங்கிலாந்து கோர்ட்டே பிள்ளைய திருப்பி இங்க அனுப்பச் சொல்லும். முறையா போகணும்னா இங்க ஃபேமிலி கோர்ட்ல அனுமதி கேக்கணும், வக்கீல் ஃபீஸ் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். ஏர்போர்ட்ல ஃபெடரல் போலீஸ் ஒரு வாட்ச்லிஸ்ட் வெச்சிருக்காங்க, பிள்ளை பேரு அதுல ஏறிடுச்சுன்னா இமிக்ரேஷன் கவுண்டர்லயே நிறுத்திடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, இங்கிலாந்துல டார்பிஷயர்காரி, புருஷன் விசாவுல தொத்திக்கிட்டு வந்தவ, பிரிஞ்சதும் இவ விசாவே ஆட்டம் கண்டுடுச்சு, பிள்ளை மட்டும் இங்கயே இருக்கணும். ஒரே நேரத்துல இருக்கவும் விடல, பிள்ளையோட போகவும் விடல. (இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, அதனால நம்ம பொண்ணுங்க கதை வேற மாதிரி சிக்கலாகும், அதுக்கு தனியாத்தான் எழுதணும்.)

பக்கத்து வீட்டம்மாவுக்கு அப்படி எந்தச் சண்டையும் இல்ல, புருஷன் தங்கமான மனுஷன். அவர் எலக்ட்ரீஷியன், பில்பரா சுரங்கத்துல ஃபைஃபோ வேலை, அதாவது ரெண்டு வாரம் ஃப்ளைட்ல போய் அங்க கேம்ப்ல தங்கி வேலை, ஒரு வாரம் வீடு. சம்பளம் ஊர்ல கனவுல கூட வராது, வீட்டு வாசல்ல சொந்தப் படகு நிக்குது, அவரு ஏன் திரும்பிப் போகணும்? ரெண்டு வாரமும் ரெண்டு பிள்ளைங்களோட இவ தனி. ஊருக்குப் போலாமான்னு இவ கேக்கறதுக்கும் அவரு அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கறதுக்கும் நடுவுல பெரியவன் ஃபுட்டி (இந்த ஊரு ஃபுட்பால்) டீம்ல சேந்துட்டான், சின்னவளுக்கு பெஸ்ட் ஃப்ரெண்ட் கிடைச்சிட்டா.

சரி பிள்ளைங்கள சமாதானம் பண்ணி குடும்பத்தோட போறாங்கன்னே வைங்க. பிரிட்டன் கவர்மெண்டோட என்எச்எஸ் ஓசி வைத்தியம் பாஸ்போர்ட்டுக்கு இல்ல, அங்க குடியிருக்கறவங்களுக்குத்தான். பிள்ளை காலேஜ் சேரணும்னா அதுக்கு முன்னாடி மூணு வருஷம் அங்க குடியிருந்திருக்கணும், இல்லேன்னா உள்ளூர் ஃபீஸ் இல்ல, வெளிநாட்டு மாணவன் ஃபீஸ், இங்கிலீஷ்காரனுக்கே. இங்க வந்து ஆஸ்திரேலியாக்காரன கட்டுனவளா இருந்தா இன்னும் சுத்தம், புருஷனுக்கு விசா வாங்க 2024 ஏப்ரல்லேர்ந்து வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டணும். நமக்கெல்லாம் பழகிப்போன இந்த கணக்கெல்லாம் தனக்கும் வரும்னு அவங்க நெனச்சுக்கூட பாத்திருக்க மாட்டாங்க, அதான் அடி பலமா விழுது.

அம்மா விஷயத்துக்கு வர்றேன், நீங்க கேட்ட பார்சல் அங்கேர்ந்து வந்ததுதான. நம்ம வீட்டுல பிரசவம்னா அம்மா விசிட்டர் விசா போட்டு வந்து மாசக்கணக்கா உக்காந்துருவாங்க, வந்த மறுநாளே கிச்சன் கைமாறிடும், பூண்டு குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். அவங்க வழக்கம் அப்படி இல்ல. இங்கிலாந்துல 2020லயே பென்ஷன் வயசு 66 ஆச்சு, பாட்டிங்க நெறைய பேரு இன்னும் வேலைக்குப் போறாங்க, லீவு கிடைச்சா மூணு வாரம் வந்துட்டுப் போவாங்க, அதுவும் மகளுக்கு வேலை வைக்காம இருக்கணும்னு விருந்தாளி மாதிரி இருப்பாங்க. பிரசவம் ஆன வீட்டுல ராத்திரி பிள்ளைய வாங்கிக்க ஒரு கை இல்ல. எனக்கு பால் கட்டி காய்ச்சல் வந்தப்ப எங்கம்மா பக்கத்துல இருந்தாங்க, அவளுக்கு வந்தப்ப அவங்கம்மா ஸ்க்ரீன்ல இருந்தாங்க.

அந்த ஸ்க்ரீன நான் பாத்திருக்கேன். இங்க சாயங்காலம் அஞ்சுன்னா அங்க காலையில ஒம்பது, வெயில்காலக் கணக்குல பத்து. போன சாஸ் பாட்டில் மேல சாய்ச்சு வெச்சிருப்பா, பாட்டி அங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டிருப்பாங்க, இங்க பிள்ளைங்க வெறும் ஜட்டியோட மீன் ஃபிங்கர் தின்னுக்கிட்டிருக்கும். பாட்டி என்னடா படிச்சன்னு கேப்பாங்க, அவன் தலைய நிமித்தாம "ஒண்ணுமில்ல"ன்னுட்டு எந்திரிச்சு ஓடிருவான், அதுக்கப்புறம் போன்ல தெரியறது காலி நாற்காலிதான், பாட்டி கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டிருப்பாங்க. அந்தப் பார்சல்ல இருந்தது கெட்டியான பைஜாமா, பெரியவனுக்கு. இங்க வெளியில 38 டிகிரி, அது கூட பரவால்ல, அளவு அஞ்சு வயசு பிள்ளைக்கு. அவன் ஏழு வயசு சைஸ் போட ஆரம்பிச்சாச்சு. மேசையில உக்காந்திருக்கற பிள்ளைய போன்ல பாத்தா ஒசரம் எப்படித் தெரியும்? அதுக்குத்தான் தம்பி அவ அழுதா.

பாட்டிய இங்க கூட்டிட்டு வந்துடலாமேன்னு கேப்பீங்க. சும்மா வந்து போக ஓசி விசா கிடைக்கும், ஒரு தடவைக்கு மூணு மாசம். நிரந்தரமா வரணும்னா நம்ம அப்பா அம்மாவுக்கு உள்ள அதே க்யூதான், இதுல வெள்ளக்காரன் கறுப்பன்னு பேதமே கிடையாது. காசு கட்டற பேரன்ட் விசாவுக்கு தலைக்கு 48,000 டாலர் பக்கம், அதுவும் பல வருஷம் காத்திருக்கணும். காசு கம்மியான விசா முப்பது வருஷத்துக்கு மேல ஆகும்னு கவர்மெண்டே சொல்லுது, 70 வயசு பாட்டிக்கு! மூணு பிள்ளைங்கள்ல ரெண்டு இங்கிலாந்துல, ஒண்ணுதான் இங்கன்னா அந்த விசாவுக்கு அப்ளை பண்ணவே முடியாது, பாதி பிள்ளைங்களாவது ஆஸ்திரேலியாவுல இருக்கணும், இல்லேன்னா வேற எந்த ஒரு நாட்டையும் விட இங்க அதிகம் பேர் இருக்கணும்னு ரூல். எல்லாம் தாண்டி வந்துட்டாங்கன்னாலும் பிரிட்டிஷ் கவர்மெண்ட் அவங்க பென்ஷன அதே தொகையில நிறுத்தி வெச்சிடும், ஊர்ல இருக்கறவங்களுக்கு வருஷா வருஷம் ஏறும், ஆஸ்திரேலியாவுல இருக்கற பாட்டிக்கு ஏறாது. அமெரிக்கா போனா ஏறும், இங்க வந்தா ஏறாது, என்ன நியாயமோ.

கொரோனா சமயத்துல இது அப்பட்டமா தெரிஞ்சுது. 2020 மார்ச்ல நாட்டு வாசல சாத்துனாங்க, குடிமக்களே வெளிய போக அனுமதி கேக்கணும், உள்ள வர நெருங்குன குடும்பத்துக்குத்தான் அனுமதி, அந்த நெருங்குன குடும்பத்துல பெத்த அப்பா அம்மா கிடையாது! 2021 நவம்பர்லதான் அவங்களையும் சேத்தாங்க. எங்க மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் இன்னும் மோசம், 2022 மார்ச் 3 வரைக்கும் பூட்டுதான். அந்தக் காலத்துல இங்க பொறந்த பிள்ளைய பாட்டி மொதல்ல தொடும்போது அது நடந்து பேச ஆரம்பிச்சிருச்சு. சாவுக்கும் போக முடியாம லேப்டாப்ல பாத்தவங்க உண்டு, நம்மள்லயும் உண்டு அவங்கள்லயும் உண்டு. நம்ம வீட்டுல துக்கம்னா தமிழ்ச் சங்கத்துலேர்ந்து யாராவது சாம்பார் சாதம் கொண்டு வந்து வெச்சிட்டுப் போவாங்க. அவங்களுக்கு சங்கம் எதுக்கு, ஊரே அவங்க ஊருதானன்னு நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாரும் நெனச்சாங்க.

தங்கச்சி பையன் விஷயம். இங்க புது வகுப்பு பிப்ரவரி வாக்குல ஆரம்பிக்கும், வெட்டுத் தேதி ஜூன் 30. அந்த வருஷம் ஜூன் 30க்குள்ள அஞ்சு முடிஞ்சா ப்ரீ-ப்ரைமரி, அதாவது ஒண்ணாங்கிளாஸுக்கு முந்தின வகுப்பு, அது கட்டாயம். நாலு முடிஞ்சா கிண்டி (கிண்டர்கார்டன்), வாரத்துக்கு 15 மணி நேரம்தான், கட்டாயம் இல்ல. 2021 ஆகஸ்ட் பையன்னா 2027ல ப்ரீ-ப்ரைமரி. நம்ம ஊர்ல யூகேஜி முடிச்சிட்டான், எழுதப் படிக்கத் தெரியும், ஒண்ணாங்கிளாஸ்ல போடுங்கன்னு தங்கச்சி ஸ்கூல்ல போய் மல்லுக்கட்ட வேண்டாம், எடுபடாது. இதே பையன் இங்கிலாந்துல இருந்திருந்தா 2025 செப்டம்பர்லயே ரிசெப்ஷன்ங்கற மொத வகுப்புல உக்கார வெச்சு எழுத்துக் கூட்டி படிக்க விட்டிருப்பாங்க, அங்கேர்ந்து வர்ற அம்மாக்களும் ஸ்கூல் ஆபீஸ்ல இதே சண்டைதான் போடறாங்க, அவங்களுக்கும் எடுபடறதில்ல. மத்தியான சாப்பாடு வீட்டுலேர்ந்து கட்டிக்குடுக்கணும், முந்திரி வேர்க்கடலை போட்டு எதுவும் வைக்க வேண்டாம், அலர்ஜி பயம். அப்புறம் ஸ்கூல் கலர்ல அகலமான தொப்பி ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிக்கச் சொல்லுங்க, தொப்பி இல்லேன்னா வெயில்ல விளையாட விடமாட்டாங்க, நிழல்லயே உக்காத்தி வெச்சிடுவாங்க, மொத வாரமே ஒண்ணத் தொலைச்சிட்டுத்தான் வருவான்.