வாசகர் கேள்வி பதில்: ஒளிமின் விளைவுக் கணக்கில் மைனஸ் விடை வருவது ஏன்?

கேள்வி: சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.75 எலக்ட்ரான் வோல்ட், அதன் மேல் 400 நானோமீட்டர் அலைநீள ஒளி விழுகிறது, நிறுத்து மின்னழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஐன்ஸ்டீன் சமன்பாடு எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் எத்தனை முறை போட்டாலும் மைனஸ் 2.75 என்றே வருகிறது. அப்படியென்றால் எலக்ட்ரான் வெளியே வரவே இல்லையா?

பதில்: நன்றாகவே வருகிறது. ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதுதான் ஒளிமின் விளைவு. ஒளித் துகளான ஃபோட்டானின் ஆற்றலிலிருந்து வெளியேற்று ஆற்றலை, அதாவது எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, கழித்தால் மிச்சம் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல்; இதுதான் நீங்கள் சொல்லும் ஐன்ஸ்டீன் சமன்பாடு. உங்கள் விடையைப் பார்த்ததுமே எங்கே இடறினீர்கள் என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் கொடுத்த 2.75 அச்சு அசலாக அப்படியே திரும்பி வந்திருக்கிறது. ஃபோட்டானின் ஆற்றலை ஜூலில் கண்டுபிடித்திருப்பீர்கள், 4.97 × 10⁻¹⁹ என்று வந்திருக்கும், அதிலிருந்து எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும் 2.75-ஐ நேராகக் கழித்துவிட்டீர்கள். கால்குலேட்டருக்கு அலகு தெரியாது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சின்ன எண்ணிலிருந்து 2.75-ஐக் கழித்தால் மைனஸ் 2.75 தானே வரும்!

இந்த மாதிரிக் கணக்கில் தொடக்கத்திலேயே ஜூல் பக்கம் போகாதீர்கள். 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டிலேயே கிடைத்துவிடும். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி, எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்து, மீட்டரை நானோமீட்டராக மாற்றினால் வருகிற எண்தான் இது, போட்டுப் பாருங்கள். இப்போது 1240 ÷ 400 = 3.1. அதில் 2.75 போக மிச்சம் 0.35 எலக்ட்ரான் வோல்ட். இந்த ஆற்றலோடு வரும் எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தம்தான் நிறுத்து மின்னழுத்தம், ஆகவே அது 0.35 வோல்ட், கணக்கு முடிந்தது. வேகத்தையும் கேட்டிருந்தால் மட்டும் ஜூலுக்கு மாறுங்கள்: 0.35-ஐ 1.6 × 10⁻¹⁹ ஆல் பெருக்கினால் 5.6 × 10⁻²⁰ ஜூல், எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம், இரண்டையும் வைத்துப் போட்டால் பெரும வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 'பெரும' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உலோகத்தின் உள்ளே தள்ளி இருந்த எலக்ட்ரான் வரும் வழியிலேயே கொஞ்சம் ஆற்றலை இழந்து இதைவிட மெதுவாகத்தான் வெளியே வரும்.

இன்னொன்று. கணக்கைத் தொடும் முன்பே 1240-ஐ 2.75-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 451 நானோமீட்டர் வரும். அதைவிட நீளமான அலை சோடியத்தில் எதையும் வெளியேற்றாது. ஒளி 600 நானோமீட்டர் என்று கொடுத்திருந்தால் ஃபோட்டானிடம் இருப்பது 2.07 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே, அங்கே கழித்தால் நிஜமாகவே மைனஸ் வரும். அதை இயக்க ஆற்றல் என்று எழுதக்கூடாது, 'எலக்ட்ரான் உமிழப்படாது' என்பதுதான் விடை.

கேள்வி: ஒளியின் செறிவை இரண்டு மடங்காக்கினால் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலும் இரண்டு மடங்காகாதா? அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால்? இந்த இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகிறது.

பதில்: ஒரு ஃபோட்டான், ஒரு எலக்ட்ரான். 1905-இல் ஐன்ஸ்டீன் சொன்னதன் சாரமே இதுதான், இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. செறிவை இரட்டித்தால் நொடிக்கு வந்து விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை இரட்டிக்கும், ஒவ்வொன்றின் கையிலும் இருப்பது அதே 3.1 தான். அதனால் வெளிவரும் எலக்ட்ரான்கள் இரண்டு மடங்கு, மின்னோட்டமும் இரண்டு மடங்கு, நிறுத்து மின்னழுத்தம் அதே 0.35 வோல்ட். இதை ஜெர்மன் இயற்பியலாளர் லெனார்டு 1902-லேயே சோதனையில் பார்த்துவிட்டார், அலைக் கொள்கையை வைத்து விளக்கத்தான் முடியவில்லை. (மிகத் தீவிரமான லேசர் ஒளியில் ஒரே எலக்ட்ரான் இரண்டு மூன்று ஃபோட்டான்களை விழுங்குவதும் உண்டு, ஆனால் பாடக் கணக்குகளில் அது வராது.)

அதிர்வெண்ணை இரட்டிப்பது வேறு கதை. 400 நானோமீட்டர் 200 ஆகிறது, ஃபோட்டானின் ஆற்றல் 6.2 ஆகிறது, வெளியேற்று ஆற்றல் மட்டும் அதே 2.75. மிச்சம் 3.45. முன்பு 0.35 இருந்த இடத்தில் இப்போது 3.45, கிட்டத்தட்ட பத்து மடங்கு! இரண்டு மடங்கு என்று விடை எழுதுபவர்கள் நிறையப் பேர். கழித்த பிறகு இருப்பது அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதிலேயே ஒரு நுட்பமான கேள்வியும் வரும், எனக்கு மிகவும் பிடித்தது: செறிவு மாறாமல் அதிர்வெண்ணை மட்டும் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை என்ன ஆகும்? செறிவு என்பது ஒரு நொடியில் ஒரு பரப்பில் விழும் மொத்த ஆற்றல். ஒவ்வொரு ஃபோட்டானும் கூடுதல் ஆற்றலோடு வந்தால் அதே மொத்தத்துக்குக் குறைவான ஃபோட்டான்களே தேவை, ஆக எண்ணிக்கை குறையும். எண்ணாகவே பார்ப்போம். 1 மில்லிவாட் ஒளி, 400 நானோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 2 × 10¹⁵ ஃபோட்டான்கள், 200 நானோமீட்டர் என்றால் அதில் பாதி. ஃபோட்டானுக்கு ஒரு எலக்ட்ரான் தவறாமல் வந்தால் முதல் நிலையில் மின்னோட்டம் 0.32 மில்லிஆம்பியர் இருக்க வேண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது, பெரும்பாலான ஃபோட்டான்களின் ஆற்றல் உலோகத்துக்குள்ளேயே வெப்பமாகக் கரைந்துவிடும். அதனால்தான் கணக்கில் 'இத்தனை சதவீதம் ஃபோட்டான்கள் எலக்ட்ரானை வெளியேற்றுகின்றன' என்று தனியாகக் கொடுப்பார்கள். அந்தச் சதவீதத்தை எண்ணிக்கையோடு பெருக்குங்கள், ஆற்றலோடு பெருக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.28, இன்னொன்றில் 2.75. எது சரி?

பதில்: வெளியேற்று ஆற்றல் உலோகத்தின் மேற்பரப்பைப் பொறுத்தது. காற்று பட்டு மெல்லிய ஆக்சைடு படிந்தாலே மாறும், படிகத்தின் எந்த முகம் என்பதைப் பொறுத்தும் மாறும். அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் 1916-இல் தன் அளவீடுகளை வெளியிட்டபோது சோடியம், லித்தியம் போன்றவற்றை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவிப் புது மேற்பரப்பு உண்டாக்கி அளந்தது இதற்காகத்தான். இத்தனைக்கும் ஐன்ஸ்டீனின் ஃபோட்டான் கருத்தில் அவருக்கு அப்போது நம்பிக்கையே இல்லை, ஆனால் அளந்தது அத்தனையும் சமன்பாட்டுக்குப் பொருந்தியது. நிறுத்து மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் வரைபடம் போட்டால், உலோகத்துக்கு உலோகம் கோடு இடம் மாறும், சாய்வு மட்டும் மாறாது, எப்போதும் 4.14 × 10⁻¹⁵ வோல்ட் நொடி. ஆகவே கணக்கில் எந்த மதிப்பைக் கொடுத்திருக்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பே கொடுக்காமல் வரைபடம் மட்டும் கொடுத்திருந்தால், கோடு அதிர்வெண் அச்சைத் தொடும் இடத்தைப் படித்து அதை 4.14 × 10⁻¹⁵ ஆல் பெருக்குங்கள், வெளியேற்று ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும்.