ஓரமாகிப்போன மையம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிளவுபட்ட நகரங்கள் பற்றிய கட்டுரையில், பெர்லின் இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சுவர் நின்றதே 28 வருடம்தான். அது விழுந்து அதைவிட அதிகக் காலம் ஆகிவிட்டது. மிகையாகச் சொல்கிறீர்களோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு சரிதான். ஆனால் பெர்லின் பிரியத் தொடங்கியது 1961-இல் சுவர் எழுந்தபோது அல்ல. பழைய பல்கலைக்கழகம் கிழக்கில் சிக்கிக்கொண்டதால் மேற்கில் 1948-லேயே இன்னொன்றைத் தொடங்கிவிட்டார்கள். விலங்குக் காட்சிசாலை மேற்கில் இருந்தது, கிழக்கு 1955-இல் தனக்கென்று ஒன்று திறந்தது. மேற்கு 1967-இல் டிராமை அடியோடு நிறுத்தியது, கிழக்கு நிறுத்தவில்லை. இன்றும் டிராம் தடங்களில் பெரும்பகுதி கிழக்கில்தான். ஒருசில மட்டுமே மேற்கே நீண்டிருக்கின்றன. சுவரை இடிக்கலாம், தண்டவாளத்தைப் புதிதாகத்தான் போட்டாக வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கிராய்ட்ஸ்பெர்க். மேற்கு பெர்லினின் இந்தப் பகுதியைச் சுவர் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டது. எங்கும் போகாத முட்டுச்சந்தில் யார் பணம் போடுவார்கள்? கட்டடங்கள் பாழாயின, வாடகை இறங்கியது. துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்கள், மாணவர்கள், கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பி வந்த மேற்கு ஜெர்மானிய இளைஞர்கள் என்று பலரும் அங்கே குடியேறினார்கள். 1989-க்கு அப்புறம் அதே தெருக்கள், ஓரடிகூட நகராமல், நகரத்தின் நடுவே வந்து நின்றன. வாடகை ஏறியது. முட்டுச்சந்தாக இருந்தபோது அதை வாழவைத்தவர்களில் பலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆக, பிரிவினை மட்டுமல்ல, இணைப்பும் ஆட்களை இடம் மாற்றுகிறது. இணைப்பைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதில்லை என்பது என் குறை.

எல்லா நகரமும் இப்படியே என்று சொல்லமாட்டேன். சைப்ரஸ் தீவின் தலைநகர் நிகோசியா 1974-இலிருந்து, தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர் என்று, முழுதாகப் பிளந்து கிடக்கிறது. ஆனால் அங்கே இரு பக்கத்து மேயர்களும், லெல்லோஸ் டிமெட்ரியாடிஸும் முஸ்தபா அகின்ஜியும், 1970-களின் கடைசியில் கழிவுநீர் விஷயத்தில் மட்டும் சேர்ந்து வேலைசெய்ய ஒப்புக்கொண்டார்கள். சாக்கடைக்கு எல்லைக்கோடு தெரியாது, சரிவுதான் தெரியும். தெற்கின் கழிவுநீரில் ஒரு பகுதி வடக்கே போய்த்தான் சுத்தமாகிறது. நாளை அந்த எல்லை போனால், குழாயையாவது யாரும் புதிதாகத் தோண்டிப் போட வேண்டியிருக்காது.