‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர்மீது மூலநூல் வாசகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த கற்பனை உலகைத் தழுவிப் பெருஞ்செலவில் உருவான இத்தொடர் 2022 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வெளியானபோது எழுந்த கோபத்துக்கு, என் பார்வையில், காலத்தைச் சுருக்கியதே முதற்காரணம் (நடிகர்களின் நிறத்தைப் பழித்தவர்களை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை). டோல்கீனின் காலவரிசைப்படி மந்திர மோதிரங்கள் வார்க்கப்பட்டதற்கும் நியூமெனோர் தீவு கடலில் மூழ்கியதற்கும் இடையே 1,700 ஆண்டுகளுக்கு மேல் கழிகின்றன. தொடரோ அவற்றை ஒரே தலைமுறைக்குள் அடக்க முனைந்தது. அவ்வுலகின் பழங்கால வரலாற்றைச் சொல்லும் ‘சில்மரில்லியன்’ நூலின் உரிமை கிடைக்காததால், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பின்னிணைப்புகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

காலத்தைச் சுருக்குவது மதுரைக்காரர்களுக்குப் புதிதன்று. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு இணைத்தார் என்பார்கள். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் பிந்தி வந்து, வைகையோடு திரும்பிவிட்டார் என்னும் கதை அந்த இணைப்பை மக்கள் மனத்தில் இயல்பாக்கிவிட்டது. தொடரில் அப்படி ஒட்டவைக்கும் கதை அமையவில்லை.