ரூசெலாரேக்கு வரும் தம்பிக்கு: அந்தச் சிவந்த பீரைப் பற்றி

அடுத்த மாதம் பெல்ஜியத்தின் ரூசெலாரே நகரில் வேலைக்குச் சேரவிருக்கும் நீங்கள் வாடகை வீடு, நகராட்சிப் பதிவு, குளிர்கால உடை, டச்சு மொழி வகுப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நேர்காணலுக்கு வந்திருந்தபோது அலுவலகத்தார் வாங்கிக் கொடுத்த செம்பழுப்பு நிறப் பீர் ஏன் அப்படிப் புளித்தது, அது கெட்டுப்போனதா, இனி அழைத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் நான்கு விஷயங்களுக்கு உங்கள் நிறுவனமே வழிகாட்டும். நகராட்சியில் பதிந்தபின் முகவரியைச் சரிபார்க்கக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்பதால் அழைப்பு மணியருகே உங்கள் பெயரை ஒட்டி வையுங்கள், அது போதும். கடைசிக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதற்குத் தவறான பதில் சொல்லும் நம்மவர்கள்தான் இங்கே அதிகம்.

அது கெட்டுப்போன பீர் அல்ல. அந்த ஊரில் உங்களுக்குக் கொடுத்தது அநேகமாக ரோடன்பாக் ஆலையின் பீராக இருக்கும். 1821 முதல் ரூசெலாரேயிலேயே இயங்கும் அந்த ஆலையில், முதல் நொதித்தல் முடிந்த பீரின் ஒரு பகுதி ஃபூடர் எனப்படும் பெரிய ஓக் மரப் பீப்பாய்களுக்குள் போய் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடக்கிறது. அத்தகைய பீப்பாய்கள் அங்கே 294 இருக்கின்றன. அவற்றில் சில ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையவை. அவற்றைப் பழுதுபார்ப்பதற்கென்றே பீப்பாய்த் தச்சர்களை ஆலையில் வைத்திருக்கிறார்கள். மரத்தின் வழியே மிகச் சிறிய அளவில் காற்று உட்புக, உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் மிச்சச் சர்க்கரையை மெல்ல மெல்ல அமிலமாக்குகின்றன. நம் வீட்டுப் பழைய சோற்று நீராகாரத்தின் மென்மையான புளிப்பைத் தருகிற அதே லாக்டிக் அமிலம்தான் இதற்கும் அடிப்படை. அதன்மேல் காடியின் கூர்மையைச் சிறிதளவு அசெட்டிக் அமிலம் சேர்க்கிறது. பிறகு, முதிர்ந்த பீரையும் இளம் பீரையும் கலக்கிறார்கள். சாதாரண ரோடன்பாக்கில் முதிர்ந்தது கால் பங்கு, அதே ஆலையின் கிராண்ட் க்ரூ என்னும் வகையில் மூன்றில் இரண்டு பங்கு. இவ்வளவு காலமும் உழைப்பும் செலவிட்டு உண்டாக்கிய புளிப்பை, அதை ஊற்றித் தந்தவர் எதிரிலேயே முகத்தைச் சுளித்துக் கெட்டுவிட்டது என்று சொன்னால், இந்த மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாணத்துக்காரர் உங்களோடு சண்டைக்கு வரமாட்டார், ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை உங்களை அழைக்கவும் மாட்டார்.

குடிக்கும் முறையில் முதல் எச்சரிக்கை, தாகத்துக்குக் குடிக்காதீர்கள் என்பது. நம் ஊர்ப் பழக்கத்தில் பனிக்கட்டி போலக் குளிரவைத்தால் வாசனை முழுவதும் அடங்கிப் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பத்து டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி போதும். கோப்பையைச் சற்று நேரம் கையில் வைத்திருந்து முகர்ந்து பாருங்கள். புளிச்செர்ரி, பச்சை ஆப்பிள், நனைந்த மரம், கொஞ்சம் கருகிய வெல்லம் என்று ஒவ்வொன்றாக வரும். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் கசப்பை இதில் தேடாதீர்கள், இருக்காது. முதல் மிடறில் நாக்கின் இரு ஓரங்களும் சுருங்கி எச்சில் ஊறும். அந்த மிடறைக் கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள், நாக்கு பழகியபின் வரும் மிடறுகளில்தான் இனிப்பும் பழச்சுவையும் தெரியத் தொடங்கும். விழுங்கிய பின் தொண்டையில் தங்கும் துவர்ப்பு ஓக் மரத்தினுடையது.

நான் நெசவு இயந்திர வேலைக்காகக் பக்கத்து ஊரான கோர்ட்ரைக்குக்கு வந்தது ஒரு நவம்பரில். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், வீட்டுக்காரர் வெப்பமூட்டியை இரவில் நிறுத்திவிடுவார், தொழிற்சாலையிலோ என் காதுக்கு எட்டிய மொழி வகுப்பில் கற்ற டச்சு மொழியாகவே இல்லை. என் பக்கத்து இயந்திரத்தில் இருந்த, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மனிதர் ஒருவர் பல வாரங்கள் வெறுமே தலையசைத்துவிட்டுப் போனவர், ஒரு நாள் என்னைத் தம் ஊர்க் கஃபேக்கு அழைத்துப்போனார். மேசையில் இரண்டு ரோடன்பாக் வந்ததும் அவர் பேசத் தொடங்கிவிட்டார். தம் தாயார் இதில் கிரெனடின் என்னும் சிவப்புப் பழச்சாற்றுப் பாகை ஊற்றித்தான் குடிப்பார் என்றும், அந்தத் தலைமுறையில் பலருக்கும் அதுவே வழக்கம் என்றும் சொன்னார். அவருடைய பேச்சுமொழியை நான் கற்றது அந்த மேசையில்தான். இன்றும் இந்த வட்டாரத்தார் என்னோடு டச்சை மெதுவாக்காமல் தம் சொந்தப் பேச்சிலேயே பேசுகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இதைச் சொல்வதற்குக் காரணம், நம்மவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும் இந்த மேசைகளில் உட்கார்ந்ததே இல்லை. வார இறுதியில் தங்களுக்குள் கூடி, விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கியைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று குறைபடுகிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை. அதன் நடுவிலேயே வாழ்ந்துகொண்டு அதை ஒரு முறையேனும் கவனித்துச் சுவைக்காமல் ஊர் திரும்புவது எனக்கு வருத்தமளிக்கிறது. மது அருந்தாதவர்களை நான் சொல்லவில்லை. நீங்கள் அருந்தாதவர் என்றால் காப்பி கேளுங்கள், ஏன் என்று யாரும் துருவமாட்டார்கள். ஆனால் ஒருவர் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கினால் அடுத்த சுற்றுகளில் ஒன்றை நீங்கள் வாங்க வேண்டும் என்பது எழுதாத விதி. காப்பி குடிப்பவருக்கும் அது பொருந்தும்.

சாதாரண ரோடன்பாக் நாக்குக்குப் பிடித்தபின் விக்டே ஊரின் டுஷெஸ் த பூர்கோன் என்னும் பீருக்குப் போங்கள், அது இன்னும் இனிப்பானது. அதன் ஒட்டுச்சீட்டில் கையில் வல்லூறோடு இருப்பவர் இந்தப் பகுதியை ஆண்ட கோமகள் பர்கண்டியின் மேரி. 1482-இல் இதே மேற்கு ஃப்ளாண்டர்ஸில், வைனெண்டாலே கோட்டையருகே வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து, அந்தக் காயத்தாலேயே இறந்தவர். அவர் கல்லறை ப்ரூஹ நகர மாதா கோவிலில் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். அதன்பின் அவுடனார்டேயின் லீஃப்மன்ஸ் கௌடன்பாண்ட். மரவாசனை இல்லாத, கரும்பழுப்பான, கனத்த பீர் அது. பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக், ஹூஸ் என்னும் புளிப்புப் பீர்கள் திறந்த தொட்டியில் காற்றிலிருந்து வந்து விழும் ஈஸ்டால் நொதிப்பவை. அவை வேறு குடும்பம், அவற்றுக்கு இப்போது அவசரமில்லை.

வெறும் வயிற்றில் இவற்றைத் தொடாதீர்கள், அமிலம் இரைப்பையைப் பதம் பார்த்துவிடும். சாம்பல்நிறச் சிற்றிறால் அடைத்துப் பொரித்த கரோக்கெட் என்னும் உருண்டையும், பீரில் வேகவைத்த மாட்டிறைச்சியும் இதற்கென்றே பிறந்த துணைகள். நம் மீன் வறுவலும் நன்றாகவே சேரும், மிளகாய்த்தூளை மட்டும் பாதியாகக் குறையுங்கள், காரமும் புளிப்பும் சேர்ந்து எரிந்தால் வேறு எந்தச் சுவையும் தெரியாது.

அளவிலும் கவனம் வேண்டும். ரோடன்பாக்கில் ஆல்கஹால் 5.2 விழுக்காடு, டுஷெஸில் 6.2, கௌடன்பாண்டில் 8. இனிப்பும் புளிப்பும் கலந்திருப்பதால் வலிமை நாக்குக்குத் தெரியாது. இங்கே வாகனம் ஓட்டுபவரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்பதே வரம்பு, சைக்கிள் ஓட்டுபவருக்கும் அதுவேதான். ஆகவே கஃபேக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தே போங்கள்.