கவலையா, வருத்தமா, பேஜாரா?

சென்னை நண்பர்கள் சிலர் கேட்ட சொற்களும் என் பதில்களும்.

குரோம்பேட்டையிலிருந்து: கவலை, வருத்தம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தேர்வு முடிவு நாளைக்கு வருகிறது என்றால் கவலை. மகள் தோற்றுவிட்டாள் என்றால் வருத்தம். வரப்போவதற்குக் கவலை, வந்துவிட்டதற்கு வருத்தம். மன்னிப்புக் கேட்கும்போது 'வருந்துகிறேன்' என்கிறோம். 'கவலைப்படுகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. சங்கப் பாடல்களில் கவலைக்கு, பாதை கிளை பிரியும் இடம் என்றும் ஒரு பொருள் உண்டு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் மனசுக்கு எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

வளசரவாக்கம்: பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் 'அம்மாவுக்கு வருத்தம்' என்றார். 'என்ன மனக்கஷ்டம்?' என்று கேட்டுவிட்டேன்.

அங்கே வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம்தான். இன்று மாலையே போய், 'அம்மாவுக்கு இப்போது தேவலையா?' என்று கேளுங்கள்.

மயிலாப்பூர்: பாட்டி 'விசாரப்படாதே' என்பார். விசாரணைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ஒரே வடமொழி வேர்தான். விசாரம் என்றால் ஆழ்ந்த யோசனை. ஒன்றையே போட்டு யோசித்துக்கொண்டிருந்தால் அது கவலையாகிவிடுகிறது. அருமையான சொல், பாட்டியோடு போகவிடாதீர்கள்.

ராயபுரம்: பேஜார்?

கவலை இல்லை, சலிப்பு. உருது வழியாக வந்தது. மழையில் ஆட்டோ கிடைக்காமல் நின்றால் 'பேஜாரா பூச்சுப்பா'.

அண்ணா நகர்: மாமா ஐசியூவில் இருக்கிறார். 'கவலைக்கிடம்' என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரித்துப் பார்த்தால் கவலைக்கு இடம் இருக்கிறது என்பதுதான். ஆனால் உயிர் ஊசலாடும்போதெல்லாம் செய்தித்தாளில் அதையே படித்துப் பழகியவர்களுக்கு, கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாகவே படும். என் அப்பா ஐசியூவில் இருந்தபோது வெளியே பெஞ்சில் அத்தை காத்திருந்தார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். கையிலிருந்த காபி மடியில் கொட்டியது கூடத் தெரியாமல், 'மூச்சு இருக்காடா?' என்றார். அப்போதுதான் உறைத்தது, அவருக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான் என்று. நீங்களும் பார்த்ததைச் சொல்லுங்கள்: மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்களா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, டாக்டர் அடுத்து எப்போது வருவார்.