முதல் மட்டை எது?

கேள்வி: திருகோணமலையில் மேசைப்பந்துக் கழகமொன்றில் சேரவுள்ளேன். விலை கூடிய மட்டை வாங்கலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: இப்போது வேண்டாம். அடி பழகாத கையில் வேகமான மட்டை பந்தை மேசைக்கு வெளியே கொண்டு போய்விடும். கழகத்திலுள்ள மட்டைகளைப் பிடித்துப் பார்த்து, பிடி கைக்கு இசைவானதைத் தெரிந்துகொண்ட பின், ஐந்தடுக்கு மரப்பலகையில் ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் தடிப்பான ஸ்பொஞ்சும் அதன் மேல், பருக்கள் வெளியே தெரியாத மட்டமான இறப்பரும் ஒட்டிய மட்டையை வாங்குங்கள். பழைய மட்டையென்றால், பந்தை இறப்பரில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கினால், எவ்வளவு மலிவாயினும் அதை வாங்காதீர்கள். ஈரம் படிந்த இறப்பரில் பந்து சுழலாது. ஆகவே நம் கடற்காற்றில் மட்டையைத் துடைத்து உறையிலிட்டே வைக்க வேண்டும். பந்து 40 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் பந்தாக இருக்கட்டும். அது வெண்ணிறமானால், போட்டிக்கு வெள்ளை மேற்சட்டை ஆகாது.